எலிக்குச் சட்டம், நோயாளிக்கு நெறிமுறை: ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் தொடரும் இடைவெளி

புது தில்லி: ஒரு சுண்டெலியின் உடலில் ஸ்டெம் செல்லைச் செலுத்திப் பார்க்க விரும்பும் இந்திய விஞ்ஞானி, முதலில் தமது நிறுவனத்தின் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை எலிகள் தேவை, ஏன் அத்தனை, விலங்கே இல்லாமல் இந்த ஆய்வைச் செய்ய முடியாதா, வலி தெரியாமலிருக்க என்ன மருந்து தரப்படும், ஆய்வு முடிந்த பிறகு எலிகளின் கதி என்ன என்ற கேள்விகளுக்கெல்லாம் எழுத்துபூர்வமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் மத்திய அரசின் பிரதிநிதி ஒருவர் இருப்பார். கால்நடை மருத்துவர் இருப்பார். விஞ்ஞானத்துக்குத் தொடர்பில்லாத, சமூக அக்கறை உள்ள ஒருவரும் இருப்பார். எலி மரபணு மாற்றப்பட்டதாக இருந்தால், உயிரிப் பாதுகாப்புக் குழு என்ற இன்னொரு வாசலையும் தாண்ட வேண்டும். இரண்டு குழுக்களுக்கும் பின்னால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் இருக்கின்றன.

அதே ஸ்டெம் செல்லை ஆட்டிசம் பாதித்த நான்கு வயதுக் குழந்தையின் முதுகுத்தண்டில் ஊசிவழி செலுத்துவதற்கு, நாட்டின் பல நகரங்களில் ஆண்டுக்கணக்கில் இத்தகைய கேள்விகள் எதுவும் கேட்கப்படவில்லை. பெற்றோரின் கையெழுத்தும் லட்சக்கணக்கான ரூபாய் கட்டணமும் போதுமானவையாக இருந்தன. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் கூறியது. அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே, வழக்கமான சிகிச்சையாக அதை வழங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2026 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஒரு சிகிச்சை சிகிச்சைதானா என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதற்கான விடை, மருத்துவமனைகளில் மட்டுமின்றி நாடாளுமன்றத்திலும் இருக்கிறது.

எலிக்கு முதலில் கிடைத்த சட்டம்

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான கலாக்ஷேத்ரா நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குகளுக்குப் பாதுகாப்புக் கோரித் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு அளித்த உறுதிமொழியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். அரசு ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. 1960-ல் சட்டம் நிறைவேறியது. தனிநபர் மசோதாக்கள் வெள்ளிக்கிழமை பிற்பகலோடு மறக்கப்படுவதே வழக்கமாகிவிட்ட அவையில், இப்படி விளைவு தந்த மசோதாக்கள் அரிது.

அச்சட்டத்தின் 14-வது பிரிவு விலங்குகள் மீதான ஆய்வைத் தடை செய்யவில்லை. உயிரைக் காக்கவும் நோயைத் தீர்க்கவும் அறிவைப் பெருக்கவும் செய்யப்படும் சோதனைகள் சட்டவிரோதமல்ல என்கிறது. ஆனால் அவற்றைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்கலாம் என்று 15-வது பிரிவு வழிசெய்தது. 1964-ல் முதன்முதலாக அமைக்கப்பட்ட அக்குழு நெடுங்காலம் பெயரளவில்தான் இருந்தது. 1998-ல் மேனகா காந்தி அதன் தலைவராகப் பொறுப்பேற்று, ஆய்வுக்கான விதிகளும் அரசிதழில் வெளியான பிறகுதான் ஆய்வுக்கூடங்களின் கதவுகள் தட்டப்பட்டன. விலங்குக் கூடங்களைப் பதிவு செய்வது கட்டாயமானது. சில கூடங்களின் நிலை வெளியே வந்தபோது விஞ்ஞானிகள் தலைகுனிய நேர்ந்தது. வேறு சில இடங்களில் குழுவின் கெடுபிடியால் பயனுள்ள ஆய்வுகள் மாதக்கணக்கில் முடங்கின என்ற புகாரும் எழுந்தது. இரு தரப்புக்கும் நடந்த மோதல் அன்றைய நாளேடுகளின் முதல் பக்கம் வரை வந்தது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலான பழக்கத்தில் அந்தச் சூடு தணிந்துவிட்டது. எலி, முயல் போன்ற சிறு விலங்குகளுக்கான அனுமதியை அந்தந்த நிறுவனக் குழுவே வழங்குகிறது. பெரிய விலங்குகளுக்கு மட்டும் மத்தியக் குழுவிடம் வர வேண்டும். பதிவேடு எழுதும் ஒழுக்கம் ஆய்வுக்கூடங்களில் வேரூன்றிவிட்டது. ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். குழுவின் உத்தரவை மீறினால் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த உச்ச அபராதம் 200 ரூபாய். தண்டனைகளைக் கூட்டும் திருத்த மசோதாவின் வரைவு 2022 நவம்பரில் மக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டது. ஆக, எலிக்கான சட்டத்துக்கும் பல் அதிகமில்லை. ஆயினும் யாரிடம் கேட்க வேண்டும், எந்தப் படிவத்தில் கேட்க வேண்டும், யார் பொறுப்பு என்பதில் அதற்குத் தெளிவு உண்டு.

எலி கற்றுத் தந்தது என்ன?

ஸ்டெம் செல் என்ற கருத்தே எலியிடமிருந்து வந்ததுதான். 1961-ல் கனடாவின் டொரன்டோ நகரில் டில், மெக்கல்லோக் என்ற இரு விஞ்ஞானிகள் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்ட எலிகளுக்கு வேறு எலிகளின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினர். எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லிலிருந்து பெருகியது என்பது பின்னர் உறுதியானது. பல வகை ரத்த அணுக்களையும் பிறப்பிக்கும் தாய்ச் செல் ஒன்று உண்டு என்பதற்கு அதுவே சான்று. இன்று ரத்தப் புற்றுநோய்க்குச் செய்யப்படும் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அறிவியல் அடித்தளத்தை அமைத்தவற்றுள் அந்தச் சோதனையும் ஒன்று.

1981-ல் எலியின் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தனர். அவற்றில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை முடக்கி, அந்த முடக்கத்தோடேயே எலிகளைப் பிறக்கவைக்கும் நுட்பம் அடுத்த சில ஆண்டுகளில் கைகூடியது. அதற்காக கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்திஸ் ஆகிய மூவருக்கு 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது. எலியில் முடிந்தது மனிதக் கருவில் முடிய 17 ஆண்டுகள் ஆயின. 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் அதைச் செய்தார். வளர்ந்த உயிரினத்தின் சாதாரணச் செல்லையே பின்னோக்கித் திருப்பிக் கருச் செல்லைப் போல ஆக்க முடியும் என்று ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-ல் காட்டியதும் எலியின் செல்களைக் கொண்டுதான். மறு ஆண்டே மனிதச் செல்லிலும் அது சாத்தியமானது. 2012-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

பரிசுகளின் பட்டியலில் இடம்பெறாத இன்னொரு பாடத்தையும் எலி சொல்லித் தந்தது. எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை அப்படியே எலியின் உடலில் செலுத்தினால் கட்டி உருவாகிறது. அந்தக் கட்டிக்குள் தசை, குருத்தெலும்பு, நரம்பு எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு செல்லுக்கு எதுவாகவும் மாறும் ஆற்றல் உண்டா என்பதை உறுதி செய்ய விஞ்ஞானிகள் கையாளும் சோதனையே இதுதான். இந்த ஆற்றலும் ஆபத்தும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாதவை என்பது இதன் பொருள். முழுமையாகப் பக்குவப்படாத ஒரு சில செல்கள் கலந்திருந்தாலும் நோயாளிக்கு என்ன நேரலாம் என்பதற்கான எச்சரிக்கை இதில் இருக்கிறது.

எலி சொல்லாமல் விட்டதும் உண்டு. பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு 1999 முதல் மரபணு சிகிச்சை அளிக்கப்பட்டது. முன்னதாக நடந்த எலி ஆய்வுகள் பெரிய ஆபத்து எதையும் காட்டவில்லை. குழந்தைகள் குணமடைந்து வீடு திரும்பினர். 2002-ல் அவர்களில் முதல் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மரபணுவைச் சுமந்து சென்ற வைரஸ் தவறான இடத்தில் போய் உட்கார்ந்ததே காரணம். இரண்டு ஆண்டுகளே வாழும், இருபது முப்பது கிராம் எடையுள்ள உயிரில் தெரியாதது, பல பத்தாண்டுகள் வாழப்போகும் குழந்தையில் தெரியவரும் என்பதை உலகம் அப்போது கற்றுக்கொண்டது. அச்சிகிச்சை பரிசோதனை என்ற கட்டுக்குள் நடந்ததால்தான் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த தலைமுறை வைரஸ்கள் திருத்தி அமைக்கப்பட்டன. கணக்கு வைக்காத தனியார் கூடத்தில் இது நடந்திருந்தால், ஒரு குடும்பத்தின் துயரத்தோடு முடிந்திருக்கும்.

பத்து செல் வரிசைகளும் பெரும் கனவும்

ஸ்டெம் செல் வரைபடத்தில் இந்தியா இடம்பிடித்தது 2001 ஆகஸ்டில். மனிதக் கருவை அழித்துப் பெறும் செல்களுக்கு இனி அரசு நிதி இல்லை, ஏற்கெனவே இருப்பவற்றில் ஆய்வு செய்யலாம் என்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்தார். தகுதியானவை என அமெரிக்கா பட்டியலிட்ட 64 செல் வரிசைகளில் பத்து இந்தியாவில் இருந்தன. மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸ் நிறுவனத்தில் ஏழு, பெங்களூரின் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் மூன்று. அடுத்த தகவல் தொழில்நுட்பப் புரட்சி இதுதான் என்ற பேச்சு தலைநகரில் எழுந்தது. அன்றைய முறைப்படி, மனிதக் கருச் செல்களை வளர்க்க அடியில் எலிச் செல்களைப் படுக்கைபோல் பரப்ப வேண்டியிருந்தது. அப்படி வளர்ந்தவற்றை மனித உடலில் செலுத்தலாமா என்ற ஐயம் பின்னர் வலுத்தது.

அரசு நெறிமுறை எழுதி முடிப்பதற்குள் வியாபாரம் தொடங்கிவிட்டது. 2000களின் நடுப்பகுதியிலேயே தலைநகரில் உள்ள தனியார் கூடங்களுக்கு வெளிநாட்டு நோயாளிகள் வரத் தொடங்கினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007-ல் வெளியிட்ட முதல் வழிகாட்டு நெறிமுறையின் தலைப்பில் 'ஆராய்ச்சி' என்பதோடு 'சிகிச்சை' என்ற சொல்லும் இருந்தது. 2013-ல் திருத்தி வெளியிட்டபோது அந்தச் சொல் நீக்கப்பட்டது. நிரூபணமாகாத ஒன்றைச் சிகிச்சை என்று அழைப்பதே வியாபாரிகளுக்கு உதவுகிறது என்பதை அதிகாரிகள் ஆறு ஆண்டுகளில் உணர்ந்தனர். ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லைப் பரிசோதனைக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நெறிமுறையும் தெளிவாகக் கூறியது.

ஆனால் நெறிமுறை என்பது சட்டமல்ல. மீறியவரைச் சிறைக்கு அனுப்பவோ, கூடத்துக்குப் பூட்டுப் போடவோ அதற்கு அதிகாரம் இல்லை.

2019 மார்ச்சில் வெளியான புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன. ஸ்டெம் செல்லிலிருந்து தயாரிக்கப்படும் பொருளும் மரபணு சிகிச்சைப் பொருளும் எந்நாளும் 'புதிய மருந்து' என்றே கருதப்படும் என்று அவை அறிவித்தன. புதிய மருந்தென்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி வேண்டும். விலங்குச் சோதனை உள்ளிட்ட முன் ஆய்வுகள் வேண்டும். பரிசோதனையில் பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீடு தர வேண்டும்.

அங்கேதான் ஒரு பொத்தல் இருந்தது. கணிசமாகப் பதப்படுத்தப்பட்ட செல்களே ஸ்டெம் செல் பொருள் என்பது விதியின் விளக்கம். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, சுழற்றிப் பிரித்து, அதே நாளில் அவருடைய முதுகுத்தண்டிலேயே திரும்பச் செலுத்தினால் அது மருந்து தயாரிப்பாகாது, வெறும் மருத்துவச் செயல்முறைதான் என்று கூடங்கள் வாதிட்டன. மஜ்ஜைக்குரிய செல்லை நரம்பு மண்டலத்தில் செலுத்துவதை இயல்பான பயன்பாடு என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற எளிய கேள்விக்கு அந்த வாதத்தில் இடமில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கின் மையமும் இத்தகைய கூடங்களின் நடைமுறைதான்.

இந்தக் கூடங்களின் விளம்பரங்களிலும் எலி இடம்பெறுவதுண்டு. எலிகளில் பலன் கண்டது என்ற ஒரு வரி, பெற்றோரின் நம்பிக்கைக்குப் போதுமானதாகிவிடுகிறது. ஆட்டிசத்தை ஆராயப் பயன்படும் எலிகளில் ஷேங்க்3 என்ற மரபணு முடக்கப்பட்ட எலி புகழ்பெற்றது. அது ஓயாமல் தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும், மற்ற எலிகளிடமிருந்து ஒதுங்கும். நரம்பிணைப்பு எப்படிக் குலைகிறது என்பதைப் புரிந்துகொள்ள அது பேருதவி புரிகிறது. ஆனால் எலிக்குப் பேச்சில்லை, பள்ளிக்கூடம் இல்லை. எலி நக்குவது குறைந்தது என்பதைக் கொண்டு குழந்தை பேசும் என்று சொல்வது விஞ்ஞானம் ஆகாது.

வேலூர் காட்டும் வழி

முறையான பாதையில் சென்றால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று தமிழகத்திலேயே இருக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோபீலியா ஏ நோய்க்கான மரபணு சிகிச்சை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்ததை மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, உறைதலுக்குத் தேவையான எட்டாம் காரணிக்குரிய மரபணுவை வைரஸ் மூலம் அவற்றில் சேர்த்துத் திரும்பச் செலுத்தும் முறை இது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடந்த இந்த முயற்சி, அந்நோய் புகுத்தப்பட்ட எலிகளில் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டு, அதன் பின்னரே மனிதரிடம் வந்தது. ஐந்து நோயாளிகளில் எவருக்கும் சிகிச்சைக்குப் பின் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. அவர்களில் யாரும் இதற்காக நிலத்தை அடகு வைக்க வேண்டியிருக்கவில்லை; பரிசோதனையில் பங்கேற்பவரிடம் கட்டணம் வசூலிப்பது நெறிமுறைக்கு மாறானது. பணம் கேட்கிறார்களா இல்லையா என்பதே, அசல் ஆராய்ச்சியைப் போலியிலிருந்து பிரித்தறியப் பெற்றோருக்கு உள்ள மிக எளிய அடையாளம்.

அடுத்து வரவிருப்பது இதைவிடப் பெரிது. மத்திய இந்தியாவின் பழங்குடி மக்களை வாட்டும் அரிவாள் செல் ரத்தசோகையை 2047-க்குள் ஒழிக்கும் இயக்கத்தைப் பிரதமர் மோடி 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிவைத்தார். ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. இந்நோய்க்கு மரபணுத் திருத்த சிகிச்சை 2023-ன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். ரூபாயில் சுமார் 18 கோடி. மண்ட்லாவிலோ கட்சிரோலியிலோ உள்ள குடும்பத்துக்கு இந்தத் தொகைக்குப் பொருளே இல்லை. எனவேதான் தில்லியில் உள்ள மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் உள்நாட்டிலேயே ஒரு மரபணுத் திருத்தக் கருவியை உருவாக்கியிருக்கிறது. பிர்சா முண்டாவின் பெயரில் 'பிர்சா 101' என்று 2025 நவம்பரில் அது அறிவிக்கப்பட்டது.

இத்தகைய சிகிச்சை மனிதரை எட்டுமுன், திருத்தப்பட்ட மனித ரத்த ஸ்டெம் செல்கள் எதிர்ப்புச் சக்தி நீக்கப்பட்ட எலிகளின் மஜ்ஜையில் வேரூன்றுகின்றனவா, மாதங்கள் கடந்தும் நிலைக்கின்றனவா, தவறான இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். விலங்குச் சோதனைக்கு மாற்றாகச் செல் அடிப்படையிலான சோதனைகளையும், சில்லுகளில் வளர்க்கப்படும் உறுப்பு மாதிரிகளையும் ஏற்கலாம் என்று மத்திய அரசு 2023 மார்ச்சில் விதியைத் திருத்தியது. வரவேற்கத்தக்க திருத்தம்தான். ஆயினும் ஒரு ஸ்டெம் செல் மஜ்ஜையைத் தேடிச் சென்று குடியேறுவதைக் காட்டும் சில்லு வரும்வரை எலியின் தேவை இருக்கும்.

சிகிச்சை பழங்குடிக் கிராமங்களை எட்டும்போது, எழுத்தறியாத ஒருவரிடம் மரபணுத் திருத்தத்தை விளக்கி ஒப்புதல் பெற வேண்டியிருக்கும். பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பக்க விளைவு தெரிந்தால் அவரைத் தேடிப்பிடித்துச் சிகிச்சை தரும் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 2019-ல் வெளியான மரபணு சிகிச்சை நெறிமுறைகள் நீண்டகாலக் கண்காணிப்பை வலியுறுத்துகின்றன. அதுவும் நெறிமுறைதான்.

யாரிடம் கேட்பது?

உறுப்பினர் ஒருவர் இதுகுறித்து அவையில் கேள்வி எழுப்ப விரும்பினால், அதை எந்த அமைச்சகத்துக்கு அனுப்புவது என்பதே முதல் சிக்கல். எலி, மீன்வளம் மற்றும் கால்நடைப் பராமரிப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அந்த எலியின் மரபணு மாற்றத்துக்கான விதி 1989-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. மதிப்பீட்டுக் குழு சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் இருக்கிறது. ஆய்வுக்கான நிதியும் மரபணு மாற்ற ஆய்வுகளின் மறுஆய்வும் உயிரித் தொழில்நுட்பத் துறையின் வசம். அந்த ஆய்வு மனிதரைத் தொட்டதும் சுகாதார அமைச்சகத்தின் எல்லை தொடங்குகிறது. ஒரே ஊசி நான்கு அமைச்சகங்களைக் கடக்கிறது. நிலைக்குழுக்களிலும் இதே கதைதான். சுகாதாரம் ஒன்று, அறிவியலும் சுற்றுச்சூழலும் ஒன்று, கால்நடை இன்னொன்று. முழு ஊசியையும் பார்ப்பது எந்தக் குழுவின் வேலையும் அல்ல.

நாடாளுமன்றத்துக்கு இத்துறையில் சட்டம் இயற்றத் தெரியாது என்று சொல்ல முடியாது. உறையவைக்கப்பட்ட கருவைப் பத்தாண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதன் பின் அழியவிட வேண்டும் அல்லது ஒப்புதலோடு ஆராய்ச்சிக்குத் தரலாம் என்று 2021-ல் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தில் அது நுணுக்கமாக எழுதியது. மரபணு மாற்ற உயிரிகளுக்காகத் தனி ஆணையம் அமைக்கும் மசோதா 2013 ஏப்ரலில் மக்களவையில் அறிமுகமாகி, அவை கலைந்தபோது காலாவதியானது. மனிதர்கள் மீதான மருத்துவ ஆராய்ச்சியை முறைப்படுத்தும் மசோதா ஒன்றின் வரைவு 2000களிலேயே தயாரானது. அது வரைவாகவே நின்றுவிட்டது.